1855 பட்டியலுக்கு வெளியே: சோசியாந்தோ-மல்லே சொல்லும் விலைக் கணக்கு

1969-ல் பெல்ஜியத்து வாடிக்கையாளர் ஒருவர், பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் இருக்கும் மெதோக் பகுதியில் தனக்கு ஒரு திராட்சைத் தோட்டம் பார்த்துத் தரும்படி ழான் கோத்ரோவிடம் சொல்லி வைத்தார். கோத்ரோ, லெஸ்பார் ஊரில் ஒயின் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். தேடிப் போனவர், சேன்-சுரேன்-த-கதூர்ன் என்ற ஊரில், ஜிரோந்த் கழிமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மேட்டில், கவனிப்பாரற்றுக் கிடந்த பண்ணையைக் கண்டார். கட்டடங்கள் பாழ். கொடி மிச்சமிருந்தது 5 ஹெக்டேரில்தான். தம்பிக்குப் பெண் பார்க்கப் போனவன் தானே கட்டிக்கொண்ட கதையாக, அந்தப் பண்ணையை அவரே வாங்கிவிட்டார்.

பண்ணையின் பெயர் ஷாத்தோ சோசியாந்தோ-மல்லே. இன்று அதற்கு 80 ஹெக்டேர் அளவுக்குத் தோட்டம் இருக்கிறது. அதன் ஒயின், எந்த அரச அங்கீகாரப் பட்டியலிலும் இடம் இல்லாமலே, பட்டியலில் இருக்கும் பல பண்ணைகளோடு சமமாக வைத்துப் பேசப்படுகிறது. ஐரோப்பியக் கடைகளில் அண்மை ஆண்டுகளின் பாட்டில் சுமார் 30 முதல் 40 யூரோவுக்குக் கிடைக்கும். கொஞ்சம் தெற்கே போயாக் என்ற ஊரில் இருக்கும் லஃபித், லத்தூர், மூத்தோன் ஆகிய பெரிய பண்ணைகளின் பாட்டில்களுக்கு அதைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும்.

போர்தோவில் அதிகம் பேசப்படாத பண்ணைகளில் நல்ல சிவப்பு ஒயின் எது என்று கேட்பவர்களிடம் இருபது பெயரை எழுதி நீட்டிவிடலாம். இரண்டு வருடத்தில் அந்தக் காகிதம் பழசாகிவிடும். அதைவிட ஒரே ஒரு பண்ணையை எடுத்துக்கொண்டு, அது ஏன் நன்றாக இருக்கிறது, நன்றாக இருந்தும் ஏன் விலை எகிறவில்லை என்று துருவிப் பார்ப்பது உபயோகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படிப் பார்த்ததுதான் இது.

பட்டியல் எப்படி வந்தது

போர்தோவில் விலை என்று பேச ஆரம்பித்தால் 1855-க்குப் போகாமல் முடியாது. அந்த ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், போர்தோ ஒயின்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தும்படி ஒரு கோரிக்கை வந்தது. போர்தோ வணிகர் சபை அந்த வேலையை ஒயின் தரகர்களிடம் ஒப்படைத்தது. தரகர்கள் யாரும் அதற்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுவைத்துக்கொண்டிருக்கவில்லை. எந்தப் பண்ணையின் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதை வைத்து ஐந்து படிநிலையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சிவப்பு ஒயின் பட்டியலில் இன்று 61 பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் 60 மெதோக்கைச் சேர்ந்தவை. ஓ-பிரியோன் மட்டும் கிராவ் பகுதி. நூற்றெழுபது வருடத்தில் மேல் படிக்கு ஏறியது மூத்தோன் ஒன்றுதான், 1973-ல். வேடிக்கை என்னவென்றால், அந்தஸ்து நிலத்தோடு ஒட்டியதாக இல்லை. பண்ணையின் பெயரோடு ஒட்டியிருக்கிறது. பட்டியலில் இருக்கும் பண்ணை, அதே ஊர் எல்லைக்குள் பட்டியலில் இல்லாத பக்கத்துத் தோட்டத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டால், நேற்றுவரை சாதாரணமாக இருந்த திராட்சை இன்று 'கிரான் க்ரூ க்ளாஸே', அதாவது தரவரிசையில் இடம்பெற்றது, ஆகிவிடும். மண் அங்கேயேதான் இருக்கிறது, மாறியது பட்டா மட்டும்.

பட்டியல் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதில் முன்னால் இருக்கும் பண்ணைகள் பெரும்பாலும் அருமையான நிலத்தில்தான் இருக்கின்றன. கிடைக்கும் பணத்தைத் தோட்டத்திலும் கிடங்கிலும் திருப்பிப் போடுகிறார்கள், ஒயினும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை வாங்குகிறவர் ஒயினுக்கும் கொடுக்கிறார், அந்த இடத்துக்கான வாடகையையும் சேர்த்துக் கொடுக்கிறார். நாம் தேடுவது வாடகை இல்லாத பாட்டிலை.

ஆற்றைப் பார்க்கும் மேடு

மெதோக்கில் ஒரு சொலவடை உண்டு: நல்ல கொடி ஆற்றைப் பார்க்கும். கழிமுகத்தை ஒட்டிக் குவிந்திருக்கும் சரளைக்கல் மேடுகள்தான் அங்கே தங்கம். மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் கொஞ்சம் வைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகைக்கு இந்தச் சூடு தேவை. அகன்ற தண்ணீர்ப் பரப்பு பக்கத்திலேயே இருப்பதால் உறைபனி அவ்வளவாக அண்டாது. 2017 ஏப்ரலில் பனி விழுந்து போர்தோவின் பல தோட்டங்கள் கருகியபோது, மெதோக்கில் ஆற்றோரத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. பயிர்ச் சேதம் உள்ளே தள்ளி இருந்தவர்களுக்குத்தான்.

லத்தூரும் மோன்ரோஸும் இப்படி ஆற்றைப் பார்க்கும் மேட்டில் இருப்பவை. சோசியாந்தோ-மல்லேயும் அப்படித்தான், கீழே களிமண், மேலே சரளை. மோன்ரோஸ் இருக்கும் சேன்-எஸ்தேஃபைத் தாண்டி வடக்கே போனால் வரும் ஊர் சேன்-சுரேன். ஆனால் எல்லைக்கோடு நடுவில் விழுந்துவிட்டது. சேன்-எஸ்தேஃபில் விளைந்தால் பாட்டிலில் அந்த ஊர்ப் பெயர் வரும். சேன்-சுரேனில் விளைந்தால் 'ஓ-மெதோக்' என்று மட்டும் வரும். ஓ-மெதோக் என்பது தெற்கே போர்தோ நகரத்தின் புறநகர் வரைக்கும் நீளும் பெரிய பெயர். அதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. இந்தப் பெயரில் விற்கும் 1855 பண்ணைகள் ஐந்துதான்: லா லகூன், காந்தமெர்ல், லா தூர் கர்னே, பெல்கிராவ், கமான்சாக். ஐந்துமே சேன்-சுரேனுக்குத் தெற்கே, தூரத்தில் இருப்பவை.

மலிவாக நல்லது தேட நினைப்பவருக்கு இதிலேயே முதல் தடயம் கிடைத்துவிடுகிறது. பெரிய ஊர்ப் பெயரின் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே மண் தொடர்ந்து ஓடும் இடம் எது என்று பார்க்க வேண்டும். கோடு போட்டவர்கள் மனிதர்கள். சரளைக்கல்லுக்கு அது தெரியாது.

கோத்ரோ என்ன செய்தார்

நல்ல மண் மட்டும் போதும் என்றால் அந்தப் பண்ணை 1969-ல் பாழாகக் கிடந்திருக்காது. 1932-ல் போர்தோவில் தயாரித்த 'க்ரூ பூர்ழ்வா' பட்டியலில், அதாவது 1855-க்கு அடுத்த படியில் வைத்துச் சொல்லப்பட்ட 444 பண்ணைகளில், சோசியாந்தோவும் இருந்தது. அப்புறம் கவனிக்க ஆள் இல்லாமல் தேய்ந்துபோனது.

கோத்ரோ சுற்றியிருந்த துண்டு நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார். கொடிகளை நெருக்கி நட்டார்: ஹெக்டேருக்கு 8,333. மெதோக்கின் முன்னணிப் பண்ணைகளில் இருக்கும் நெருக்கத்தோடு ஒப்பிடக்கூடிய எண்ணிக்கை இது. கொடிகள் இப்படி நெருங்கி நிற்கும்போது வேர் பக்கவாட்டில் பரவ முடியாது, கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு கொடியும் சுமக்கும் குலையும் குறைவு. பறிப்பது கையால். ஒயினை முதிரவைப்பது புதிய ஓக் பீப்பாயில். அந்த விலைக்கு விற்கும் பண்ணைகள் பலவும் யோசிக்கும் செலவு அது.

அவருடைய பிடிவாதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-களுக்குப் பிறகு போர்தோவில் 'பச்சை அறுவடை' ஒரு வேதமாகிவிட்டது. கோடையில், காய் பழுக்கும் முன்பே, பாதிக் குலைகளை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பதில் சாறு அடர்த்தியாகும் என்று கணக்கு. கோத்ரோ அதைச் செய்யவே மாட்டேன் என்றார். இலையை உருவிவிடுவதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நெருக்கி நட்ட கொடி தன் சுமையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நிலை. விளைச்சல் அதிகம் என்று குறைசொன்னவர்களுக்கு ஒயினே பதிலாக இருந்தது. 1982, 1990, 1996 ஆண்டுகளின் சோசியாந்தோவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர், பட்டியலில் இருக்கும் ஒயின்களுக்கு இணை என்று இதை வெகு காலம் முன்பே உரக்கச் சொன்னவர்களில் ஒருவர்.

2003-ல் க்ரூ பூர்ழ்வாவை மறுபடி தரம் பிரித்தார்கள். 490 பண்ணைகள் விண்ணப்பித்து 247 தேறின. ஒன்பது பண்ணைகளுக்கு மட்டும் உச்சபட்சத் தரம் கிடைத்தது. ஷாஸ்-ஸ்ப்ளீன், பூழோ, ஓ-மார்புஸே, ஃபெலான் செகூர், போதன்சாக் எல்லாம் அதில் வரும். கோத்ரோ விண்ணப்பமே போடவில்லை. தன் ஒயினைப் பற்றி ஒரு குழு வந்து சான்றிதழ் தர வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார். தள்ளப்பட்ட பண்ணைகள் வழக்குப் போட்டன. தேர்வுக் குழுவில் இருந்த சிலருக்கே போட்டியில் இருந்த பண்ணைகளோடு தொடர்பு இருந்தது என்று வெளிவந்து, 2007-ல் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. கோத்ரோ சிரித்திருப்பாரா என்று எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். க்ரூ பூர்ழ்வா பிறகு வேறு வடிவில் உயிர்பெற்று, 2020-லிருந்து மீண்டும் மூன்று படிநிலையோடு நடக்கிறது.

பின் ஏன் விலை ஏறவில்லை

நல்ல ஒயின், பாராட்டு, பிடிவாதக்கார முதலாளி. இந்த மூன்றும் இருந்த வேறு சில இடங்களில் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. ழாக் தியன்போன் 1979-ல் போர்தோவின் பொமரோல் பகுதியில் ஒரு ஹெக்டேர் அளவுக்கு ஒரு துண்டு வாங்கினார். அப்போது அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதுதான் ல பான். இன்று ஒரு பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ கொடுக்க வேண்டும். கோத்ரோவும் தியன்போனும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மாதிரிப் பந்தயம் கட்டியவர்கள்தான். ஒன்று ஏன் அப்படிப் போனது, மற்றது ஏன் இப்படி நின்றது?

முதல் காரணம், அளவு. ல பான் இன்றும் இரண்டு சொச்சம் ஹெக்டேர்தான். உலகத்துக்கே சில ஆயிரம் பாட்டில். சோசியாந்தோவில் முதல் ஒயின், அதற்கு எடுக்காத பழத்தில் செய்யும் இரண்டாம் ஒயின் இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்குச் சில லட்சம் பாட்டில் வருகிறது. கடையில் தீர்ந்துபோகும் என்ற பதற்றம் இல்லாத சரக்கை யாரும் பதுக்க மாட்டார்கள். ஆகவே சின்னஞ்சிறு பண்ணை என்று யாராவது கண்ணைச் சிமிட்டிச் சொன்னால் நான் இப்போது கொஞ்சம் பின்வாங்கிவிடுகிறேன். நமக்கு வேண்டியது பெரிய பண்ணையின் கவனமான ஒயின்.

அடுத்தது குணம். சோசியாந்தோ இளசாக இருக்கும்போது யாரிடமும் சிரித்துப் பேசாத ஒயின். நாவற்பழம் தின்றால் நாக்கு ஒட்டிக்கொண்டு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு முன்னால் நிற்கும்; கறுப்புத் திராட்சை வாசனை பின்னால் ஒளிந்திருக்கும். எட்டுப் பத்து வருடம் போன பிறகு துவர்ப்பு அடங்கி, சுருட்டுப் பெட்டியையும் தேவதாருக் கட்டையையும் நினைவுபடுத்தும் மணம் வரும். வாங்கிய அன்றே குடிக்க நினைப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பொறுமை இருப்பவருக்கு இது தள்ளுபடி மாதிரி.

மூன்றாவது, முன்பு சொன்ன 'ஓ-மெதோக்' என்ற எழுத்து. அதை யாராலும் மாற்ற முடியாது.

எதிர் உதாரணமும் ஒன்று உண்டு. சேன்-எமிலியோன் பகுதியில் தெர்த்ர் ரோத்பெஃப் பண்ணையை நடத்தும் ஃபிரான்சுவா மித்ழவீல், 1980-களின் கடைசியில், கோத் த பூர் பகுதியில் ரோக் த காம்ப் என்ற தோட்டத்தை வாங்கினார். பூர் என்றால் மலிவு ஒயின் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடம். அவர் செய்த ஒயின் அந்த நினைப்பை உடைத்தது. ஆனால் தோட்டம் சின்னது, செய்கிறவர் பெயர் பெரியது. விலையும் பூர் பகுதியின் மற்ற ஒயின்களைவிடப் பல மடங்கு உயர்ந்துவிட்டது. அருமையான ஒயின்தான். மலிவு என்ற தலைப்பில் மட்டும் அதை இனிமேல் சேர்க்க முடியாது.

ஒரு பாட்டிலில் என்ன செலவு

கொஞ்சம் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டர் விளைச்சல் என்று வைத்தால் 5,000 லிட்டர். 750 மில்லி பாட்டிலில் சுமார் 6,600. நெருக்கி நட்டு, கையால் பறித்து, கவனமாகப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துக்கு ஹெக்டேருக்கு 15,000 யூரோ செலவு என்று தாராளமாகவே எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலுக்கு இரண்டேகால் யூரோ. 225 லிட்டர் பீப்பாயில் 300 பாட்டில் அடங்கும். புது பீப்பாய் 900 யூரோ என்றால், முழுக்கப் புதிதில் வைத்தாலும் பாட்டிலுக்கு 3 யூரோ. கண்ணாடி, தக்கை, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டு யூரோ போடுவோம். கிடங்கு, சம்பளம், வட்டி என்று இன்னும் ஒரு நான்கைந்து. இழுத்துப் பிடித்துக் கூட்டினாலும் 12, 13 யூரோவுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தரகர் கமிஷன், வணிகர் லாபம், கடை லாபம், பிரான்ஸில் 20 சதவீத வரி.

ஆக, ஒரு பண்ணை கஞ்சத்தனம் இல்லாமல் ஒயின் செய்து, நியாயமான லாபத்தோடு விற்றால், கடையில் 25-லிருந்து 35 யூரோவுக்குள் வந்துவிட வேண்டும். சோசியாந்தோவின் விலை ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. அதைத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு யூரோவிலும் ஒயினின் பங்கு குறைந்து பெயரின் பங்கு கூடுகிறது. புது பீப்பாயைக் குறைத்து, அகலமாக நட்டு, இயந்திரத்தால் பறித்தால் இதே கணக்கு 12, 15 யூரோவிலும் ஒத்துவரும். தினசரி சாப்பாட்டுக்கு அது போதும்.

இன்னொரு முனையையும் பார்க்க வேண்டும். போர்தோவில் மொத்த ஒயினுக்கு அளவு 'தொனோ', அதாவது 900 லிட்டர், 1,200 பாட்டில். அண்மை ஆண்டுகளில் சாதாரண போர்தோ சிவப்பு ஒயின் தொனோவுக்கு 1,000 யூரோவுக்கும் கீழே போயிருக்கிறது. ஒரு பாட்டில் ஒயினுக்கு 83 சென்ட்கூட விவசாயிக்குக் கிடைக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் நான்கு யூரோவுக்கு இருக்கும் பாட்டிலில் ஒயினைவிடக் கண்ணாடிக்கும் வரிக்கும்தான் அதிகம் போகிறது. அதை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லேபிளிடம் நான் ஏமாந்தது

தொடக்கத்தில் ஒருமுறை, 'சேன்-எமிலியோன் கிரான் க்ரூ' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்த பாட்டிலை, கிரான் க்ரூ இந்த விலைக்கா என்று பாய்ந்து ஆறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால், ஜாம் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. தப்பு கடைக்காரர் மேல் இல்லை, எழுத்து வாசிக்கத் தெரியாத என் மேல். 'சேன்-எமிலியோன் கிரான் க்ரூ' என்பது தரவரிசையில் ஓர் இடமே இல்லை. சில விதிமுறைகளை நிறைவேற்றும் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் போட்டுக்கொள்ளக்கூடிய பிறப்பிடப் பெயர் அது. தரவரிசையில் இருந்தால் கூடவே 'க்ளாஸே' என்ற சொல் வரும். அந்தத் தரவரிசையிலும் ஏகப்பட்ட வழக்கு. ஓஸோன், ஷெவால் பிளான், அந்த்ழெலூஸ் மூன்றும் அண்மையில் அதிலிருந்து தாங்களாகவே வெளியேறிவிட்டன.

'கிரான் வேன் த போர்தோ' என்று எழுதியிருந்தால் அது எந்தத் தரத்தையும் குறிக்காது. யார் வேண்டுமானாலும் போடலாம். 'ஷாத்தோ' என்றால் கோட்டை இருக்க வேண்டும் என்றில்லை. கூட்டுறவுச் சங்கம்கூட உறுப்பினர் ஒருவரின் திராட்சையைத் தனியாக நொதிக்க வைத்து ஷாத்தோ பெயரில் விற்கலாம். பதக்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எந்த ஆண்டு ஒயினுக்குக் கிடைத்தது என்று பார்ப்பது நல்லது. நான் இப்போது பின்பக்க லேபிளைத்தான் முதலில் வாசிக்கிறேன்: எந்த ஊர், யார் பெயரில் பாட்டிலில் அடைத்தது. பெயர் இல்லாமல் ஓர் அஞ்சல் குறியீடு மட்டும் இருந்தால் திருப்பி வைத்துவிடுகிறேன்.

இதே தடயத்தில் வேறு இடங்கள்

கோட்டுக்கு அந்தப் பக்கம் பார் என்ற விதியை, சேன்-எமிலியோன் இருக்கும் வலது கரையில் வைத்துப் பார்த்தால் முதலில் வருவது காஸ்தியோன். 1453-ல் நடந்த போரில் ஆங்கிலேயர் தோற்று, அக்கித்தேன் பகுதியில் அவர்களுடைய முந்நூறு வருட ஆட்சி முடிவுக்கு வந்த இடம் அது. ஊர்ப் பெயரே காஸ்தியோன்-லா-பத்தாய்; 'பத்தாய்' என்றால் போர். சேன்-எமிலியோனின் சுண்ணாம்புப் பாறை மேடு அந்த ஊர் எல்லையோடு நின்றுவிடவில்லை, கிழக்கே காஸ்தியோனுக்குள்ளும் போகிறது. மெர்லோ திராட்சைக்கு அந்தக் குளிர்ந்த பாறை பிடிக்கும். புளிப்பு மங்காமல் பழுக்கும்.

சேன்-எமிலியோன்காரர்களுக்கே இது தெரிந்திருந்தது என்பதற்கு 1990-களின் கடைசியில் நடந்தது சாட்சி. சேன்-எமிலியோனின் கனோன்-ல-கஃப்லியேர் பண்ணையின் உரிமையாளர் ஸ்தெஃபான் ஃபோன் நைப்பெர்க், காஸ்தியோனில் ஷாத்தோ தெகுயை வாங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பிறர் தோட்டத்துக்கு ஆலோசனை சொல்லும் ஸ்தெஃபான் தெரனோன்கூர், தன் சொந்தக் காசைப் போட்ட இடமும் காஸ்தியோன்தான். 1999-ல் தொமேன் த லா என்ற பெயரில். அங்கேயே இருக்கும் க்ளோ புய் அர்னோ பண்ணை, உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக்) செய்கிறது. மருத்துவர் தனக்கு எந்த மருந்தை எடுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பது போல, விற்பன்னர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. பாட்டிலில் இப்போது 'காஸ்தியோன் கோத் த போர்தோ' என்று இருக்கும்.

அதே வழியில் ஃப்ரோன்ஸாக்குக்கும் போகலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ரிஷல்யூ பிரபுவின் தயவில் அரண்மனை வரை போன ஒயின் அது. பக்கத்திலிருக்கும் பொமரோல் அப்போது அவ்வளவு பெயர் பெறாதது. இன்று நிலைமை தலைகீழ். ஒயின் ஆலோசகர் மிஷெல் ரோலான் 1986-ல் தன் வீட்டுக்காக வாங்கிய ஃபோந்தெனில், தவிர மூலேன் ஓ-லரோக், லா வியேய் க்யூர், தலேம் ஆகியவை அங்கே வாங்கத் தகுந்தவை. பொமரோலிலிருந்து பார்பான் ஓடையைத் தாண்டினால் லலாந்த்-த-பொமரோல். ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நில விலையில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம்.

எந்த ஆண்டு

சின்னப் பெயர் வாங்கும்போது ஆண்டு முக்கியம். பெரிய பண்ணையிடம் மோசமான ஆண்டில் பாதிப் பழத்தை இரண்டாம் ஒயினுக்குத் தள்ளிவிடும் வசதி இருக்கிறது. சின்னப் பண்ணைக்கு விளைந்ததை விற்றாக வேண்டும். 2013 போன்ற மோசமான ஆண்டில் அவர்கள் ஒயினைத் தொட வேண்டாம். 2010, 2015, 2016, 2018, 2019, 2020, 2022 போன்ற ஆண்டுகளில் எல்லோருக்குமே பழம் நன்றாகப் பழுத்தது. அப்போது பெரியவர்களை விட்டுவிட்டுச் சின்னவர்களிடம் போகலாம். பெரிய பண்ணையிலேயே வாங்க ஆசையென்றால் இரண்டாம் ஒயினைப் பார்க்கலாம். சோசியாந்தோவுக்கு அது 'லா தெமுவாசெல்', சீக்கிரமே குடிக்கலாம், விலையும் ஏறக்குறைய பாதி.

பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் கட்டி இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளும் முறைக்காக இந்தப் பண்ணைகளிடம் மெனக்கெட வேண்டாம். அவை கடைக்கு வரும்போதும் அதே விலைதான் இருக்கும். 2009, 2010 ஆண்டுகளில் சீன வாங்குதல் உச்சத்தில் இருந்தபோது பெரிய பெயர்களுக்கு முன்பணம் கட்டியவர்களில் பலர், பின்னால் அதே பாட்டில் கடையில் குறைந்த விலைக்கு இருப்பதைப் பார்த்து நொந்துபோனார்கள்.

சேன்-சுரேனின் இன்றைய நிலை

ழான் கோத்ரோ 2019-ல் தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்தார். மகள் சில்வி கோத்ரோ பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். காப்பீட்டு நிறுவனங்களும் கைப்பை நிறுவனங்களும் மெதோக் பண்ணைகளை வாங்கிக் குவிக்கும் காலத்தில், வாங்கியவரின் குடும்பத்திடமே ஒரு பண்ணை இருப்பது விலைக்கு நல்லது என்பது என் எண்ணம். போயாக்கில் இன்று ஒரு ஹெக்டேர் 20 லட்சம் யூரோவுக்கு மேல். அந்த விலைக்கு நிலம் வாங்கியவர் அந்த வட்டியைப் பாட்டிலில்தான் ஏற்றுவார். 1969-ல் வாங்கியவருக்கு அந்தச் சுமை இல்லை. ஆகவே யார், எப்போது வாங்கினார் என்பதையும் நான் இப்போது தேடிப் பார்க்கிறேன்.

சுற்றிலும் நிலைமை நன்றாக இல்லை. பிரான்ஸில் சிவப்பு ஒயின் குடிப்பது வருடா வருடம் குறைகிறது. 2023-ல் அரசும் ஒயின் வணிக அமைப்பும் சேர்ந்து, கொடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை வேறு எதற்காவது பயன்படுத்தினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ தருவதாகப் போர்தோவில் திட்டம் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் அப்படிப் போயிருக்கிறது. பிடுங்கப்பட்டதில் பெரும்பகுதி எந்தப் பெயரும் இல்லாத சாதாரண போர்தோ. ஆனால் காஸ்தியோனிலும் பூர் பகுதியிலும் நன்றாகச் செய்தும் விற்க வழி தெரியாமல் திணறும் குடும்பங்கள் இருக்கின்றன. 15 யூரோ பாட்டிலைத் தேடும் நமக்கு இது சாதகமான காலம். அதைச் செய்கிறவர்களுக்கு அப்படி இல்லை.

என் அலமாரியில் 2016 சோசியாந்தோ மூன்று இருந்தது. ஒன்றை அவசரப்பட்டுத் திறந்து பார்த்தேன்; நாவற்பழம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மற்ற இரண்டின் கழுத்திலும் 2030 என்று எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன்.